முதலில் சூடு இறங்கட்டும்

கத்திரி வெயிலின் நடுப்பகுதி. வேலூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. அவசர சிகிச்சைப் பிரிவில் பகல் இரண்டு மணியைத் தாண்டிவிட்டது. சுவரோர பெஞ்சில் நாய் கடித்த காலைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஒரு பெரியவர். பக்கத்தில், நெற்றி கிழிந்த பையனை மடியில் இருத்திக்கொண்டு ஓர் இளம் தாய். மேலே சுற்றும் விசிறி அறையின் அனலையே திரும்பத் திரும்பக் கீழே தள்ளுகிறது. ஊசி போடும் மேசைக்குப் பின்னால் மூத்த சிஸ்டர் ஒருவர் ரெஜிஸ்டரில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு குட்டியானை பின்பக்கமாக வந்து வாசற்படியை ஒட்டி நிற்கிறது. திறந்த பின்தட்டிலிருந்து நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு பெண்ணை இறக்குகிறார்கள். புடவைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை. காலில் கோணித் துண்டு சுற்றிச் சணலால் கட்டியிருக்கிறது. அதன்மேல் தார் அப்பியிருக்கிறது. தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டுகிறது. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கண் பாதி திறந்திருக்கிறது, எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் ஏதோ முணுமுணுக்கிறது. அவரோடு சேர்ந்து தார் வாடையும் அறைக்குள் வருகிறது.

பின்னாலேயே வந்த மேஸ்திரி முந்திக்கொள்கிறார். "மயக்கம் சிஸ்டர். காலைல சரியா சாப்பிடல போல."

"இல்ல சிஸ்டர்." தோளைத் தாங்கியிருந்த பெண் இடைமறிக்கிறார். "கூழு குடிச்சிட்டுத்தான் வந்தாங்க எங்க அண்ணி. ஒரு மணிக்கு மேல ஏடாகூடமா பேச ஆரம்பிச்சிட்டாங்க. செத்துப்போன அவங்க அம்மாவ கூப்புட்டுனு நடு ரோட்டுல போய் நின்னாங்க. தண்ணி குடுத்தா சொம்ப தட்டி வுட்டாங்க. அப்புறம்தான் விழுந்தாங்க."

மணிக்கட்டில் நாடி பிடித்திருந்த சிஸ்டரின் கை அந்தப் பேச்சில் நின்றுவிடுகிறது. திரும்பி டாக்டர் அறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கிறார். அந்த அறையில் முதல் வைத்தியம் செய்தது, அண்ணி பேசிய பேச்சைக் கவனித்து வைத்திருந்த அந்தப் பெண்தான் என்று சொல்ல வேண்டும். வெயிலில் தலை சுற்றி விழுபவர் நிழலில் படுக்க வைத்தால் தெளிந்துவிடுவார். கேட்டதற்குப் பதில் சொல்வார். வெயில் மூளைக்கு ஏறியவர் அப்படி இல்லை. பேச்சு குழறும், ஆளை அடையாளம் தெரியாது, காரணமில்லாமல் கோபம் வரும், வலிப்பு வரும், நினைவு போகும். உடம்பின் உள்வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, அதோடு புத்தியும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்று தோல் காய்ந்திருக்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள் பலர். வீட்டுக்குள் புழுக்கத்தில் வாடும் முதியவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். உழைக்கும்போது விழுகிறவருக்கோ வியர்வை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். உள்ளே எல்லாம் வெந்துகொண்டிருக்கும்.

டியூட்டி டாக்டர் வருகிறார். முப்பது வயதுகூட ஆகாத பெண். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 103 காட்டுகிறது. அதை நம்ப அவருக்கு மனமில்லை. தோல் நனைந்திருக்கிறது, திறந்த வண்டியில் காற்று பட்டு வந்திருக்கிறது. மேலே காட்டும் கணக்கு உள்ளே இருக்கும் சூட்டைச் சொல்லாது. பச்சைத் துணித் தடுப்பை இழுத்து மூடுகிறார்கள். ஆசனவாய் வழியாகப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் பேச்சில்லை.

"நூத்தி ஏழு பாயின்ட் ரெண்டு" என்கிறார் சிஸ்டர்.

அடுத்து ஓர் ஊசி மருந்தின் பெயர் வரும் என்றுதான் பெஞ்சில் இருப்பவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். டாக்டர் கேட்டது ஐஸ். "எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும்."

மேஸ்திரிக்குக் கை கால் ஓடவில்லை. வெளியே 108 வண்டி நிற்பதை அவர் பார்த்துவிட்டார். "மேடம், வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயிடலாமே. முக்கால் மணி நேரத்துல போயிடலாம்."

"மொதல்ல சூடு இறங்கட்டும். அப்புறம்தான் வண்டி."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆபத்தான நோயாளியை மேலே அனுப்பிவிடுவதுதான் சின்ன ஆஸ்பத்திரிகளில் பாதுகாப்பான வழி. யாரும் குறை சொல்ல முடியாது. இந்த நோய்க்கு மட்டும் அந்த வழி சரிப்படாது. 107 டிகிரியில் போகும் முக்கால் மணி நேரமும் மூளை செல்கள், ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் சேதமாகிக்கொண்டே இருக்கும். குடல் சுவர் தளர்ந்து, உள்ளிருக்கும் கிருமி நஞ்சு ரத்தத்தில் கலக்கும். ரத்தம் உறையும் முறையே குழம்பும். எவ்வளவு தூரம் ஏறியது என்பதைவிட எவ்வளவு நேரம் அங்கேயே நின்றது என்பதுதான் ஆளைக் கொல்கிறது. அரை மணிக்குள் 102க்குக் கொண்டுவந்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கிறது. பந்தய மைதானங்களில் ஓட்டக்காரர்களைக் காப்பாற்றும் மருத்துவர்களும் இந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: விழுந்த இடத்தில் குளிரவை, அதற்குப் பிறகு நகர்த்து.

ஐஸ் மூன்று திக்கிலிருந்து வருகிறது. எதிர்ச் சாரி சோடாக் கடையிலிருந்து கோணியில் சுற்றிய ஒரு பாளம். பஸ் ஸ்டாண்டு மீன்காரரின் தெர்மாகோல் பெட்டி, மீன் வாடையோடு அப்படியே. ஆஸ்பத்திரிக்குள்ளேயே, தடுப்பூசிக் கேரியரில் வைப்பதற்காக ஃப்ரீசரில் உறைய வைத்திருந்த ஐஸ் பேக்குகள். அவற்றைத் துணியில் சுற்றிக் கழுத்தின் இரு பக்கமும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் வைக்கச் சொல்கிறார் டாக்டர். பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகே ஓடும் இடங்கள் அவை. ஆனால் அது மட்டும் போதாது. உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரில் இருக்க வேண்டும். தொட்டி இல்லை.

"வண்டில தார்ப்பாய் இருக்குதா?" சிஸ்டர் கேட்கிறார்.

இருக்கிறது. நீலத் தார்ப்பாய், புழுதியோடு. ஸ்ட்ரெச்சரின் இரு பக்கக் கம்பியையும் தூக்கிவிட்டு அதன்மேல் விரிக்கிறார்கள். நனைந்த புடவையையும் சட்டையையும் கத்தரித்து எடுத்துவிட்டு ஆளைக் கிடத்துகிறார்கள். கூட வந்த நான்கு பெண்களும் நான்கு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர், அதில் உடைத்த ஐஸ், மேலிருந்து ஊற்றல். தொட்டி தயாராகிவிட்டது. இப்படித் தார்ப்பாயில் வைத்துக் குளிர்விப்பது ராணுவப் பயிற்சி முகாம்களிலும் ஓட்டப் பந்தயங்களிலும் சோதித்துப் பார்த்த முறை.

பெஞ்சிலிருந்து பார்த்தால் தடுப்புக்குக் கீழே ஒரு சாண் உயரம்தான் தெரிகிறது. ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள். சிஸ்டரின் வெள்ளைச் செருப்பு. தார் பிடித்த எட்டுப் பாதங்கள். அவற்றில் ஒன்று அடிக்கடி மற்றொன்றின்மேல் ஏறி இறங்குகிறது, கை வலிக்கிறது போல. வழியும் தண்ணீர் அறையின் சரிவைக் கண்டுபிடித்து, பெரியவரின் காலடி வழியாக வாசலுக்குப் போகிறது. அவர் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மேஸ்திரி மறுபடி தடுப்பை நோக்கி வருகிறார். "சிஸ்டர், காய்ச்சல் ஊசி ஒண்ணு போட்டா சட்டுனு இறங்கிடாதா?"

"இது காய்ச்சல் இல்லப்பா." உள்ளிருந்தே பதில். "அந்த ஊசி இதுக்குக் கேக்காது. ஈரலுக்குத்தான் கெடுதல். நீ போய் இன்னொரு பாளம் ஐஸ் வாங்கினு வா."

அந்தப் பதிலுக்குள் இருக்கும் மருத்துவம் பெரியது. காய்ச்சலில் மூளையே உடம்பின் சூட்டுக்கு ஓர் உயர்ந்த அளவைக் குறித்துக்கொள்கிறது. பாராசிட்டமால் அந்த அளவைக் கீழே இறக்குகிறது. இங்கே மூளை எந்த அளவையும் உயர்த்தவில்லை. வெளியே வெயில், காலடியில் நூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிப்போடு கொட்டும் தார் ஜல்லி, உள்ளே தசை உழைக்கும் சூடு. மூன்றும் சேர்ந்து, வியர்வையால் வெளியேற்ற முடிந்ததைவிட அதிகமாக உள்ளே சேர்ந்துவிட்டது. எந்த மாத்திரையும் அதை அள்ளி வெளியே கொட்டாது. தண்ணீரும் காற்றும்தான் அள்ளும். ஏற்கெனவே வெந்து தவிக்கும் ஈரலின்மேல் அந்த மருந்து இன்னொரு சுமை.

தண்ணீரும் காற்றும் என்றால் ஏதோ கை வைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. ஹஜ் யாத்திரையில் வெயிலுக்கு விழுகிறவர்களுக்காக வெய்னர், கோகாலி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டிலை வடிவமைத்து 1980இல் லான்செட் இதழில் எழுதினார்கள். வலைபோன்ற படுக்கையில் நோயாளியைக் கிடத்தி, குளிர்ந்த நீரை மென்தூறலாகத் தெளித்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்றை வீசுவார்கள். தோல் மிகவும் குளிர்ந்து ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடாமல், நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது கணக்கு. தில்லியில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை 2024 கோடையில் ஹீட் ஸ்ட்ரோக்குக்கென்றே தனிப் பிரிவு வைத்தது. அங்கே முக்கியமான கருவிகள் குளியல் தொட்டியும் ஐஸ் செய்யும் இயந்திரமும்தான்.

இந்தப் பெண்ணுக்கு அந்தக் கட்டிலின் வேலையைப் பாதி வழியில் குட்டியானை செய்திருக்கிறது. சாலையில் விழுந்ததும் ரோலர் ஓட்டுநர் ஓடிவந்து, உருளையில் தார் ஒட்டாமலிருக்க வைத்திருக்கும் தண்ணீரைத் தொட்டியிலிருந்து பிடித்துத் தலையோடு ஊற்றியிருக்கிறார். நனைந்த உடம்போடு திறந்த வண்டியில், எதிர்காற்றில் கால் மணி நேரம். சிஸ்டர் கேட்கக் கேட்க நாத்தனார்தான் இதையெல்லாம் சொல்கிறார். "நல்ல வேலை செஞ்சீங்க" என்கிறார் டாக்டர். "வாயில ஏதாவது ஊத்துனீங்களா?" இல்லையாம். சோடா ஊற்றப் போனதை ரோலர்காரர் தடுத்துவிட்டாராம். நினைவில்லாதவர் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குத்தான் போகும். பெயர் தெரியாத அந்த ரோலர்காரரை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

திடீரென்று தார்ப்பாய் படபடக்கிறது. வலிப்பு. எட்டுப் பாதங்களும் இடம் மாறுகின்றன. "பிடியை விடாதீங்க!" நாத்தனார் ஒரு கையால் இடுப்பைத் துழாவிச் சாவிக்கொத்தை எடுத்து அண்ணியின் கையில் திணிக்கப் பார்க்கிறார். சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை; சாவியை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார். "ஒருபக்கமா சாய்ச்சுப் பிடிம்மா. அது போதும்." மிடசோலம் ஊசி நரம்பில் ஏறுகிறது. அது வலிப்பையும் நிறுத்தும், நடுக்கத்தையும் அடக்கும். நடுங்கினால் தசை மறுபடி சூட்டை உண்டாக்கிவிடுமே. மூக்கில் ஆக்சிஜன், கையில் சலைன், விரல் நுனியில் ஒரு குத்து. சர்க்கரை சரியாக இருக்கிறது. மடியிலிருந்த பையன் எட்டிப் பார்க்கிறான். தாய் அவன் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

"பத்து நிமிஷம் ஆச்சு. 105.6."

இன்னொரு பாளம் வந்து இறங்குகிறது. வார்டு பாய் உலக்கை போன்ற ஒரு கட்டையால் கோணிக்குள்ளேயே அடித்து உடைக்கிறார். சிஸ்டர் கையால் தண்ணீரைக் கலக்கிவிட்டுக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்கிறது. கலக்காவிட்டால் உடம்பை ஒட்டிய நீர் சூடாகி அப்படியே நின்றுவிடும். நெற்றி கிழிந்த பையனின் தாய், பையனைப் பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எழுந்து போகிறார். தடுப்புக்குக் கீழே இப்போது பத்துப் பாதங்கள்.

"இருபது. 103.4."

வாசலில் 108 ஓட்டுநர் வண்டியைத் திருப்பி நிறுத்தித் தயாராக இருக்கிறார். மேஸ்திரி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார். அவர் சட்டையும் முதுகோடு ஒட்டிப்போய்த்தான் இருக்கிறது. காலையிலிருந்து அவரும் அந்தச் சாலையில்தானே நின்றார்.

"இருபத்தாறு. 101.8."

"போதும். தண்ணியிலேர்ந்து எடுங்க." 98க்கு வரும்வரை வைத்திருக்க மாட்டார்கள். வெளியே எடுத்த பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் தானாகவே குளிரும். அதையும் சேர்த்துக் கணக்கிடாவிட்டால் அந்தப் பக்கம் மிதமிஞ்சிப் போய்விடும். துடைக்கிறார்கள். வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். தடுப்பு பாதி விலகுகிறது. முகத்தில் சிவப்பு குறைந்திருக்கிறது. ஊசி மயக்கத்திலும் இமை அசைகிறது. டாக்டர் குனிந்து கன்னத்தில் தட்டிப் பெயர் கேட்கிறார். இரண்டாம் முறை கேட்டபோது பதில் வருகிறது, தெளிவில்லாமல். பிறகு, "இது எந்த ஊரு?" என்று அவராகவே கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை ஐஸும். நாத்தனார் தார்ப்பாயை விட்டுவிட்டு, முகத்தை முந்தானையில் புதைத்துக்கொள்கிறார்.

டாக்டரின் முகம் இன்னும் தளரவில்லை. சிறுநீர்க் குழாய் போட்டதும் பையில் வந்தது கொஞ்சம்தான், நிறம் கடுங்காப்பி. வெந்த தசை சிதைந்து அதன் நிறமி ரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்கு வருகிறது. சலைனைத் தாராளமாக ஏற்றி அலம்பாவிட்டால் சிறுநீரகம் அடைத்துப்போகும். போனில் வேலூரில் யாரிடமோ பேசுகிறார். "வந்தப்போ 107.2, இப்போ 101.8. ஒரு ஃபிட்ஸ். யூரின் டார்க்கா இருக்கு. சி.கே., கிரியாட்டினின் பாருங்க. லிவர் இன்னைக்கு நார்மலா வந்தா விட்டுடாதீங்க. நாளைக்கும், நாளை மறுநாளும் பாருங்க. ரத்தம் உறையுதான்னும் பாக்கணும்." ஈரலின் சேதம் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தே ரத்தத்தில் தன் உச்சத்தைக் காட்டும். குளிர வைத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆனால் குளிர வைக்காமல் இந்த வேலைகளில் எதையும் தொடங்க முடியாது.

108 கிளம்புகிறது. நாத்தனாரும் ஏறிக்கொள்கிறார்.

மருந்துச் சீட்டு வாங்கும் ஜன்னலுக்கு மேலே கோடை வெயில் எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெளியே போகாதீர்கள் என்கிறது. அந்த மூன்று மணி நேரத்துக்கும் கூலி உண்டு என்று யார் சொல்லியிருக்கிறார்கள் இந்தப் பெண்களிடம்? கேரளத்தில் கோடை தோறும் தொழிலாளர் துறை உத்தரவு போட்டுத் திறந்தவெளி வேலையை நடுப்பகலில் நிறுத்துகிறது. அகமதாபாத் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,344 பேரைக் கூடுதலாகப் பறிகொடுத்தது. 2013இல் நகரத்துக்கே ஒரு வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வேண்டியதுதான், மிகவும் வேண்டியதுதான். அதே அக்கறையோடு ஒவ்வொரு சாலைப் பணி ஒப்பந்தத்திலும் ஒரு நிழற்பந்தலையும், ஒரு ஐஸ் பெட்டியையும், நடுப்பகல் ஓய்வையும் கட்டாயமாக எழுத வேண்டும். தார்ப்பாய்தான் ஏற்கெனவே எல்லா வண்டியிலும் இருக்கிறதே.

மீதிப் பெண்கள் மூவரும் வாசலுக்கு நகர்கிறார்கள். மேஸ்திரி கேட்கிறார்: "அப்ப இவங்களக் கூட்டினு போகலாமா மேடம்? லோடு வந்து நிக்குது."

"உக்காருங்க எல்லாரும்." டாக்டர் ஒவ்வொருவராகப் பார்க்கிறார். ஒருத்திக்குக் கெண்டைக்காலில் தசை இழுத்துப் பிடித்திருக்கிறது. இவ்வளவு நேரமும் சொல்லாமல் தார்ப்பாயைப் பிடித்து நின்றிருக்கிறார். வெப்பம் 101. நாடி வேகம். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்கிறார். பேச்சில் தடுமாற்றம் இல்லை. உப்புக் கரைசல், விசிறிக்கு அடியில் படுக்கை. "இன்னைக்கு யாருக்கும் வேலை கிடையாது. நீங்களும் உக்காருங்க" என்கிறார் மேஸ்திரியிடம். அவர் போனை எடுத்து யாருக்கோ அதைச் சொல்லப் பார்க்கிறார். அந்தப் பக்கம் கத்தும் சத்தம் பெஞ்சுவரை கேட்கிறது. "ஆஸ்பத்திரில கீறோம் சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். லைனை வெட்டவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

சிஸ்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கிழித்து ஒரு லிட்டர் பாட்டிலில் கலக்குகிறார். டம்ளரை நீட்டினால் அந்தப் பெண் வாங்கத் தயங்குகிறார்.

"ஏம்மா, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே?"

"காலைல. வீட்டுல."

"நீ?"

"நானுந்தான் சிஸ்டர்."

மூன்றாமவரிடம் கேட்கவே தேவையிருக்கவில்லை. அந்த நெடுஞ்சாலையில் ஒதுங்க ஒரு புதரும் கிடையாதாம். அதனால் பகலெல்லாம் நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான் குடிப்பார்களாம்; அண்ணிதான் எல்லாரையும்விடக் குறைவாகக் குடிப்பாராம்.

சிஸ்டர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நடையின் கோடியைக் காட்டுகிறார். "அந்தக் கடைசில பொம்பளைங்க கக்கூஸ் இருக்கு. தாழ்ப்பாள் இருக்கு, தண்ணி வருது. போயிட்டு வாங்க. அப்புறம் பயப்படாம வயிறு முட்டக் குடிங்க."

கால் இழுத்துக்கொண்டவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மூவரும் நடக்கிறார்கள். சிஸ்டர் அடுத்த பாக்கெட்டைக் கிழிக்கிறார்.